காதுக்குள் ஒரு குழல்

எங்கள் ஊரில் ஒருவருக்குக் காது மந்தமாகிவிட்டதைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. வெள்ளகோவிலில் தறி ஓட்டிப் பிழைக்கிற நாங்கள் பாதிப் பேச்சைக் கண்ணால்தான் கேட்கிறோம். தறிக் குடோனுக்குள் விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் விழாது. வாயசைவைப் பார்த்துத்தான் நூல் அறுந்ததா, யாராவது வந்திருக்கிறார்களா, சாப்பிடக் கூப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்வோம். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் எங்கள் ஊர்க்காரர்களைச் சுலபமாகப் பிரித்துவிடலாம். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார்கள். ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் என் காது எப்போது போக ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது.

எனக்குக் குழல் ஊத வரும். பெரிய வித்வான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மார்கழியில் பெருமாள் கோயில் பஜனைக்கு ஊதுவேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் ஊதுவேன், அவ்வளவுதான். ஞாயிறு தறிக்கு லீவு. வாரம் முழுக்க அதிர்ந்துகொண்டிருந்த சுவரும் தரையும் அன்றைக்கு ஓய்ந்து கிடக்கும். அந்த அமைதியில் ஊரே தண்ணீருக்கு அடியில் போய்விட்டதுபோல இருக்கும். மரத்தில் இலை அசையும், தெருவில் யாரோ சைக்கிளில் போவார்கள், எல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோலத் தோன்றும். காப்பி குடித்த கையோடு நான் குழலை எடுப்பேன், என் வீட்டுக்காரி பாடுவாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் தொடங்கிய வழக்கம் அது.

அவள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. வரும்போது அங்கேயிருந்து ஒரு கும்மிப் பாட்டைக் கொண்டுவந்தாள். மழையைக் கூப்பிடுகிற பாட்டு. கும்மி கொட்ட வேகமாகப் பாடவேண்டியதை எனக்காக நிதானமாகப் பாடுவாள். கடைசி அடி மெல்ல ஏறி ஏறி மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும். அங்கே அவள் குரலும் என் குழலும் ஒன்றாகிவிடும். எது எவருடையது என்று பிரிக்க முடியாது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் வாரம் முழுக்கத் தறியோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். “ஆமாங்க, பாட்டுப் பாடுனா நூல் கடைக்காரர் நூலு குடுத்துருவாரு,” என்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தில் வரும் சங்கீதம் என்றாலே எனக்கு ஆகாது. கோயில் திருவிழாக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர் ஒரு பட்டனை அமுக்குவார், குழல் வரும். இன்னொன்றை அமுக்குவார், நாதஸ்வரம் வரும். அந்தக் குழல் மூச்சே விடாது. எவ்வளவு நேரம் விரலை வைத்திருந்தாலும் இழுத்துக்கொண்டே கிடக்கும். மூச்சு முட்டாத குழல் என்ன குழல் என்று முன் வரிசையில் உட்கார்ந்து முணுமுணுப்பேன். முணுமுணுப்பதாகத்தான் நினைத்திருந்தேன், கீபோர்டுக்காரர் ஒரு தடவை திரும்பி முறைத்ததை வைத்துப் பார்த்தால் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். வாத்தியம் என்றால் மூங்கில், தோல், கம்பி, அதற்குப் பின்னால் ஒரு மனுஷனுடைய மூச்சோ கையோ. இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் குழலைத் துடைத்து உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெயில் மெதுவாக ஏறி என் காலுக்கு வந்தது. கடைசியில் பொறுக்காமல், “ஆரம்பிக்கலாமா புள்ள?” என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள்.

“நான் பாதிப் பாட்டுப் பாடிப்போட்டனுங்க,” என்றாள்.

அதை அவள் உதட்டிலிருந்துதான் படித்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் பேச்சு, பாட்டு, திட்டு எல்லாவற்றையும் வெகு காலமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேனே ஒழிய, கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வாயசைந்ததும் எனக்குள் எங்கோ சேர்த்து வைத்திருந்த அவளுடைய குரல் தானாக எழுந்து ஒலித்திருக்கிறது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காது போனால் போகட்டும், தறிக்காரனுக்கு அது தொழிலோடு வருகிற சங்கதி. அவள் குரல் போய்விட்டதே என்றுதான் பயந்தேன். அதைத் திரும்பக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்று வைராக்கியம் வந்தது.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றேன். அவளுக்கு மட்டும் இதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. “இந்த வயசுல மெஷினெல்லாம் எதுக்குங்க? நமக்குள்ள பேசிக்கறதுக்கு என்ன கொறச்சலுங்க?” என்றாள். ஊர் வாய்க்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

சிங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் காதுக் கருவி பொருத்துகிற ஒரு இடம். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து என்னென்னவோ சத்தங்களைக் கேட்கவைத்தாள். கேட்டால் கை தூக்க வேண்டும். வெகு நேரம் கை மடியிலேயே இருந்தது. வெளியே வந்ததும், “என்ன வேலைங்க அங்கிள்?” என்று கேட்டாள். “தறிங்க அம்மணி,” என்றேன். “அப்ப இரைச்சலை நல்லாக் கொறைச்சு வச்சுத் தரேனுங்க,” என்றாள். குழல் ஊதுவேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தொழிலைக் கேட்டால் தொழிலைத்தானே சொல்வோம்?

மெஷின் அவரைவிதை அளவுதான். காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எதிர்ச் சீட்டில் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கசக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் கரண்டி விழுந்தது, கதவு கிறீச்சிட்டது, தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரி “வந்துட்டீங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டாள், நான் திரும்பாமலே “வந்துட்டேன்” என்றேன். அவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆனால் குழலை எடுத்து ஊதியதும் என் சந்தோஷத்தில் மண் விழுந்தது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது நடுங்கியது. அதன் மேலேயே இன்னொரு குழல் ஏறிக்கொண்டு, கொஞ்சம் விலகி, எனக்குப் போட்டியாக ஊதியது. அப்புறம் இரண்டுமே மெல்லத் தேய்ந்து காணாமல் போயின. விரல் மூடியிருக்கிறது, மூச்சு போய்க்கொண்டிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கனவில் கத்துகிறோமே, வாய் திறந்தும் குரல் வராதே, அதே திகில். மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்.

மறுபடி சிங்காநல்லூர். இந்தத் தடவை குழலையும் கொண்டுபோனேன். “ஊதுங்க அங்கிள்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஊதினேன். அவள் சிரித்துவிட்டாள்.

“உங்க மேல தப்பு இல்லீங்க. இதுல மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்துல பக்கத்துல இருக்குது. அதனால அதுவே சில சமயம் விசில் அடிக்கும். அப்படி விசில் வந்தா அமுக்கிப்போடுன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்குது. உங்க குழலைத் தன்னோட விசிலுன்னு நெனச்சுக்குதுங்க.”

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாவம், அது என்ன செய்யும்? தனக்குள்ளிருந்து வருவது எது, வெளியிலிருந்து வருவது எது என்று அதற்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

அன்று மத்தியானம் நடந்ததை இப்போது நினைத்தாலும் சொப்பனம்போல இருக்கிறது. நான் ஊதிக்கொண்டே இருந்தேன், அவள் சுட்டியை நகர்த்திக்கொண்டே இருந்தாள். அவள் கை கொஞ்சம் நகர்ந்ததும் என் குழல் தடித்தது. இன்னும் நகர்ந்ததும் மெலிந்து தூரமாகப் போயிற்று. ஒரு தடவை மூங்கிலின் உள்வாசனையே வருகிறதோ என்று நினைக்கும்படி கிட்டே வந்தது. மூச்சு என்னுடையது, விரல் என்னுடையது. ஆனால் என் காதுக்கு வந்த குழலைச் செய்துகொண்டிருந்தது அந்தப் பெண். இத்தனை காலம் குழல் என் உதட்டில் தொடங்கிக் கடைசித் துளையில் முடிகிறது என்று இருந்தேன். அன்றைக்கு அது நீண்டு மேஜை வழியாக, கம்பி வழியாக, காதுக்குள் வந்து முடிந்தது. நான் கரித்துக்கொட்டிய கீபோர்டுக்காரருக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டேன்.

செல்போனில் தொட்டு மாற்றிக்கொள்ளும்படி மூன்று விதமாக வைத்துக் கொடுத்தாள். பேச்சுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. “பாட்டுல வச்சா எதையும் வடிகட்டாதுங்க. நல்லது கெட்டது எல்லாமே உள்ள வரும்,” என்றாள். கூடவே செல்போனிலேயே ஒரு தம்பூராவும் போட்டுக் கொடுத்தாள். அது நேராக என் காதுக்குள்தான் ஒலிக்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்து சுருதி சேர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்கத் தம்பூரா ரீங்கரித்தது, எனக்கு மட்டும். என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, “சும்மாவா உக்காந்திருக்கறீங்க?” என்று கேட்டாள். சுருதி என்பது ஒரு அறையில் இருக்கிற எல்லாருக்கும் பொது என்று நினைத்திருந்தவன் நான். இப்போது நான் மட்டும் அதற்குள் இருந்தேன், அவள் வெளியே நின்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அணைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. தறிகள் நின்றிருந்தன. “பாடு புள்ள,” என்றேன். “அப்புறமா பாடலாங்களே,” என்று இழுத்தாள். துணி காயப் போட வேண்டும் என்றாள், தோசைக்கு அரைக்க வேண்டும் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் எதிரே வந்து உட்கார்ந்து பாடினாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியாத குரல். கனத்திருந்தது, ஓரங்களில் சொரசொரப்பு ஏறியிருந்தது, மூச்சுக்கு நடுவில் நின்று நின்று வந்தது. நான் உள்ளே சேர்த்து வைத்திருந்தது பொள்ளாச்சியிலிருந்து வந்த இளம்பெண்ணின் குரல். இது அவளுக்குப் பின்னால் வெகு தூரம் நடந்து வந்தவளின் குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அந்தச் சொரசொரப்பு ஒவ்வொன்றும் நான் பக்கத்தில் இருந்தும் கேட்காமல் விட்ட ஒரு வருஷம் என்று தோன்றியது. குழலைச் சன்னமாக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கடைசி அடி வந்தது. ஏறினோம். மேல் ஸட்ஜத்தில் அவள் வாய் திறந்திருந்தது, கழுத்து நிமிர்ந்திருந்தது, ஆனால் என் குழல் மட்டும்தான் கேட்டது. அவள் குரல் இல்லை.

“சனியன் பிடிச்ச மெஷின்!” என்றேன். “எங்கே வேணுமோ அங்கே தின்னுபோட்டுது பாரு!”

அவள் எழுந்து துணி காயப் போடப் போனாள்.

மூன்றாவது தடவை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள். பாடுகிறவள் வராமல் எப்படிச் சரி செய்வது என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் என் புகாரைக் கேட்டுவிட்டு மேஜை மேல் ஒரு மைக்கை வைத்தாள். “பாடுங்க ஆன்ட்டி,” என்றாள். என் வீட்டுக்காரி புதுப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பாடினாள். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடுகள் எழுந்து எழுந்து விழுந்தன. அவள் குரலைக் கண்ணால் பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. ஆனாலும் வேடிக்கையாக இருந்தது. கடைசி அடியில் அவள் தலை நிமிர்ந்து வாய் திறந்தது. கோடுகள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன.

“பாருங்க அம்மணி, உங்க கம்ப்யூட்டருக்கே கேக்கலை!” என்று மேஜையைத் தட்டினேன். மாட்டிக்கொண்டாயா என்கிற சந்தோஷம் எனக்கு.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், என் வீட்டுக்காரியைப் பார்த்தாள். “இது உங்க மெஷின் மைக் இல்லீங்க அங்கிள். இது சாதா மைக்,” என்று மெல்லச் சொன்னாள். என் வீட்டுக்காரி பையை எடுத்துக்கொண்டு, “போலாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று எழுந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே எனக்கு விஷயம் இறங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகிற கரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கூட்டம் இல்லை. சூலூர் தாண்டி, பல்லடம் தாண்டி, வெயில் சாய்ந்துகொண்டிருந்த சோளக்காட்டுக்கு நடுவே பஸ் போயிற்று. கரண்டு எடுக்கிற காற்றாடிகள் மெதுவாகச் சுற்றின. மெஷினைப் பேச்சில் வைத்திருந்தேன். இன்ஜின் சத்தம் எங்கோ கீழே அமுங்கிக் கிடந்தது. பஸ் ஓடாமல் மிதப்பதுபோல இருந்தது.

“எத்தனை நாளா?” என்றேன்.

“தெரியலீங்க. மொதல்ல ஒரு நாளு தொண்டை எட்டலைங்க. உடைஞ்சுபோச்சு. நீங்க கண்டுக்கவே இல்லீங்க. அடுத்த வாரம் சத்தமில்லாம வாயை மட்டும் தெறந்து பாத்தேன். அதுக்கும் தலையாட்டுனீங்க. அப்பத்தான் உங்களுக்குக் காது கேக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க.”

அப்படியானால் எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உச்சியில் நான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன? பாடாத ஒரு குரலை எந்த வாத்தியம் வாசித்தது? மூங்கிலும் இல்லை, மெஷினும் இல்லை. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

“சொல்லியிருக்கலாமே புள்ள?”

“எப்படிங்க சொல்றது?” என்றாள். “அந்த எடம் வந்தா உங்க மூஞ்சி அப்படியே மலருமுங்க. வாரத்துல ஒருக்காத்தான் அப்படிப் பாக்க முடியும். நான் வாயைத் தெறந்தாப் போதும், அது வந்துரும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வல்லீங்க. இப்ப மெஷினு வந்து கெடுத்துப்போட்டுது.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோளைத் தொட்டேன்.

“இப்பப் பாடு,” என்றேன்.

“பஸ்ஸுலயா? உங்களுக்கென்ன கிறுக்காங்க?”

“மெதுவா. என் காதுகிட்ட. கடைசி அடி மட்டும்.”

“வராதுங்க. உடைஞ்சுபோகுமுங்க.”

“உடைஞ்சா உடையட்டும். எனக்கு அதுதான் வேணும்.”

செல்போனை எடுத்துப் பாட்டுக்கு மாற்றினேன். அந்தப் பெண் சொன்னது சரிதான், எதையும் வடிகட்டவில்லை. பஸ் முழுவதும் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தது. இன்ஜினின் உறுமல், ஜன்னல் கண்ணாடிகளின் நடுக்கம், கண்டக்டரின் விசில், யாரோ ஒரு குழந்தையின் சிணுங்கல், காற்று. அவளை வேண்டுமென்றால் இவ்வளவையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். வெட்கத்தில் முந்தானையை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள். இனி எனக்குப் பார்க்க அவளுடைய கண்கள் மட்டும்தான். என் காதோரம் குனிந்து அந்த அடியைத் தொடங்கினாள். அவ்வளவு சத்தத்துக்கும் அடியிலிருந்து அது மெல்ல ஏறி வந்தது. இரண்டாவது படியில் தடுமாறியது, நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. உச்சியில் போய் ஒரு கணம் தொட்டது, உடைந்தது. உடைந்த பிறகும் அவள் விடவில்லை. காற்று மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

முந்தானையை எடுக்காமலே என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, எனக்குத் தெரியாது. அவள் கண் நிறைந்துவிட்டது.

“காங்கேயம் எறங்கறவங்க வாங்க,” என்றார் கண்டக்டர். எனக்கு நன்றாகக் கேட்டது.